தம்பி வெட்டாத பெயர்

1

இன்று காலை எங்கள் வீட்டில் மூன்று பேரில் இரண்டு பேருக்கு ஓட்டு இருந்தது. எனக்கு இல்லை. ஆனால் அவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவள் நான்தான்.

அயர்லாந்தில் அரசியல் சட்டத்தில் ஒரு வரியை மாற்றுவதென்றாலும் மக்களைக் கேட்டாக வேண்டும். பாராளுமன்றம் மட்டும் கையைத் தூக்கி முடித்துவிட முடியாது. இந்தத் தடவை கேள்வி குடும்பத்தைப் பற்றி. வீட்டுக்குள் பெண் செய்கிற வேலையைக் குறித்துச் சட்டத்தில் ஒரு பழைய வாசகம் இருக்கிறது, அதை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று கேட்டிருந்தார்கள். பதினாறு வருடமாக இந்தச் சிறு ஊரின் முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலையும் செய்து, வீட்டுக்கு வந்து அடுப்பையும் பார்க்கிறவளுக்கு அதில் சொல்ல நிறைய இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. தபாலில் வந்த வாக்காளர் அட்டைகள் இரண்டுதான். ஒன்று என் கணவர் சிவகுமாருக்கு, இன்னொன்று பதினெட்டு வயது முடிந்த மகள் யாழினிக்கு.

அவர்கள் இருவரும் இந்த நாட்டுப் பிரஜைகள். நான் இன்னும் இந்தியப் பிரஜை. இங்கே குடியிருக்கிற வெளிநாட்டுக்காரர்களுக்கு உள்ளூர்க் கவுன்சில் தேர்தலில் மட்டும் ஓட்டு உண்டு. சாக்கடை அடைத்தால் யாரைத் திட்டலாம் என்று நான் முடிவு செய்யலாம், சட்டத்தைத் தொடக் கூடாது. ஊரிலோ நேர்மாறு. பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பும் உரிமை எனக்கு அங்கே இருக்கிறது, ஆனால் அந்த ஊர்ச் சாக்கடையை நான் பார்த்துப் பல மாதம் ஆகிறது.

சிவகுமார் பல வருடம் முன்பே இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டார். நான் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். விமான நிலையத்தில் அப்பாவும் மகளும் ஒரு வரிசையில் போய் இரண்டு நிமிடத்தில் வெளியே நிற்பார்கள். நான் அடுத்த வரிசையில் கைரேகை வைத்துக்கொண்டிருப்பேன். யாழினி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"அம்மா, யூ கம்ப்ளெயின் மட்டும் பண்றே. அப்ளை பண்ண மாட்டே. வொய்?"

சாப்பிடு, ஆறிப்போகும் என்றேன்.

வாக்குச்சாவடி அவள் சிறுவயதில் படித்த பள்ளிக்கூடம். மழை பெய்துகொண்டிருந்தது. காலை எட்டு மணி. "பத்து நிமிஷத்துல வந்துடறோம்" என்று சிவகுமார் குடையை விரித்தார். யாழினி குடைக்குள் வராமல் ஓடினாள். முதல் ஓட்டு, அந்த அவசரம். நான் கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்குப் பொறாமையாக இருந்தது.

2

இதே பள்ளிக்கூடத்தில் ஒருமுறை நானும் கவுன்சிலுக்கு ஓட்டுப் போட்டிருக்கிறேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் பட்டியலில் என் பெயரைக் கண்டுபிடித்துக் கோடு போட்டார், வாக்குச்சீட்டைக் கிழித்து நீட்டினார். நான் சீட்டை வாங்கிக்கொண்டு, இடது கையின் ஆள்காட்டி விரலை அவருக்கு முன்னால் நீட்டியபடி நின்றேன். மை வைப்பார் என்று. அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு, பாவம், இது எங்கள் நாட்டு மரியாதை போலிருக்கிறது என்று நினைத்து, விரலைப் பிடித்து இரண்டு குலுக்குக் குலுக்கி, "உங்களைப் பார்த்ததில் சந்தோஷம்" என்றார். வீட்டில் ஒரு வாரம் இதைச் சொல்லிச் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு அடங்கின பிறகு ஊர் ஞாபகம் வந்து படுத்திவிட்டது.

எங்கள் ஊர் கேரளத்தில், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, கோவிந்தாபுரம் செக்போஸ்ட் வருவதற்கு முன்னால் தெற்கே திரும்பினால் வரும். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் பாதி மலையாளம். சந்தைக்கும் சினிமாவுக்கும் பொள்ளாச்சி, தாலுக்கா ஆபீசுக்குச் சித்தூர். மாந்தோப்புக்காரர்களான எங்களுக்கு இரண்டு மாநிலமும் ஒரு வாய்க்காலின் இரண்டு கரைதான், அதிகாரிகளுக்குத்தான் எல்லை.

எனக்கு ஓட்டு வந்த வருடம் அப்பா என்னை விடிந்ததும் எழுப்பிவிட்டார். சாவடிக்கு வெளியே பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்த கட்சிக்காரர்களிடம் போய், "என்ற மவ பேரு இருக்குதுங்களா, பாருங்க. வசந்தாமணி" என்றார். இருக்கிறதென்று அவருக்குத் தெரியும். முந்தின நாளே பார்த்துவிட்டு வந்திருந்தார். அவர்கள் வாயால் சத்தமாகப் படித்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே வேட்பாளர் பெயர்கள் மலையாளத்திலும் தமிழிலும் இருந்தன. வெளியே வந்ததும் யாருக்குப் போட்டாய் என்று அவர் கேட்கவில்லை. என் விரலைப் பார்த்தார், சைக்கிளை எடுத்தார்.

ரேஷன் கார்டிலிருந்து என் பெயர் கல்யாணத்தோடு போயிற்று. நான் பிறந்த வீட்டு விலாசத்தில் என் பெயர் மிச்சம் இருந்தது அந்த வாக்காளர் பட்டியலில்தான். அதனால்தான் இங்கே குடியுரிமைப் பாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு நிரப்பாமல் இருக்கிறேன். இந்தியச் சட்டம் இரண்டு குடியுரிமையை ஒத்துக்கொள்ளாது. இங்கே கையெழுத்துப் போட்ட அன்றே அங்கே பெயர் போய்விடும். அந்த ஓட்டை எத்தனை முறை போட்டிருக்கிறாய் என்று கேட்காதீர்கள். வந்த பதினாறு வருடத்தில் ஒரே ஒரு முறை.

3

அப்பா போன ஐப்பசியில் இறந்துவிட்டார். அம்மா அதற்கு மூன்று வருடம் முன்பே. செய்தி கேட்டு, டிக்கெட் கிடைத்து, நான் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். தம்பி கதிர்வேல் மொட்டைத் தலையோடு வாசலில் நின்றான். பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அப்பா உயில் எழுதவில்லை. நாலு ஏக்கர் மாந்தோப்பு, கொஞ்சம் தென்னை, வீடு. வாரிசு நாங்கள் இரண்டு பேர்தான். மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி என்று சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்வது எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்து வழக்கமும் எல்லோருக்கும் தெரியும். பெண்ணுக்கு நகை போட்டு, சீர் செய்து அனுப்பியாயிற்று என்றால் கணக்கு தீர்ந்தது. காடும் தோட்டமும் ஆணுக்கு. பெண் சிரித்த முகமாக வந்து ஒழிமுறி எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அதாவது என் பங்கை விட்டுக்கொடுத்தேன் என்று பத்திரம். விட்டுக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் பட்டுச்சேலை, விருந்து. கொடுக்காத பெண்ணுக்கு என்ன என்பதை நான் என் அத்தையிடம் பார்த்திருக்கிறேன். அப்பாவின் தங்கை. பங்கு கேட்டார், கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. அவர் ஜெயித்த நிலம் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம்தான். வேலியோரம் நின்றால் பேசிக்கொள்ளலாம், பேசமாட்டார்கள்.

கதிர் என்னிடம் ஒழிமுறியைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன், சண்டை போட்டு முடித்திருப்போம். அவன் கேட்காததால் எனக்குப் பயம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவான். மாம்பூ எப்படி, பனி எப்படி, யாழி என்ன படிக்கிறாள் என்று விசாரிப்பான். எப்போது கேட்கப்போகிறான் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். கேட்க நா எழாமல் மனதில் வைத்துக் குமைகிறானோ, அவன் மனைவி வீட்டார் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ, நானும் வேலிக்கு அந்தப் பக்கத்து ஆளாகிவிடுவேனோ என்று நானே கற்பனை செய்துகொண்டேன். எனக்கு ரோசம் அதிகம். அவன் கேட்டு நான் கொடுப்பதைவிடக் கேட்காமலே கொடுப்பது கௌரவம் என்று முடிவு செய்தேன்.

எனக்குப் பதிலாக ஒழிமுறியில் கையெழுத்துப் போடும்படி எங்கள் மாமனுக்கு, அம்மாவின் தம்பிக்கு, ஒரு முக்தியார், அதாவது அதிகாரப் பத்திரம், எழுதினேன். அதைத் தூதரகத்தில் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். சாட்சிக் கையெழுத்தைத் தப்பான பக்கத்தில் வாங்கித் தொலைத்ததால் டப்ளினுக்கு இரண்டு நடை, இரண்டு நாள் லீவு. கவுன்டரில் இருந்தவர் காகிதத்தைப் படித்துவிட்டு, "நன்றாக யோசித்துத்தானே போடுகிறீர்கள்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மாமன் வீடு தோட்டத்துக்குள் இருக்கிறது, கொரியர் போகாது. அதனால் தம்பி விலாசத்துக்கே அனுப்பினேன். மாமனிடம் கொடுத்துவிடு என்று ஒரு துண்டுச் சீட்டு, வேறொன்றும் எழுதவில்லை.

அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று கொரியர்க்காரர்கள் செய்தி அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. கதிர் அதற்குப் பிறகு நாலு ஞாயிறு பேசிவிட்டான். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

4

மழையில் காருக்குள் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. கதிர். அங்கே மதியம் ஒன்றரை மணி, அது அவன் சாப்பிடுகிற நேரம். ஞாயிறும் இல்லை.

"அக்கா, எங்கிருக்கற?"

"கார்லடா. இங்க ஓட்டுப் போடற நாள். உன்ற மச்சானும் யாழியும் உள்ள போயிருக்கறாங்க."

"இங்கயும் அதே கூத்துதான். ஜெயந்தி டீச்சர் வந்திருக்கறாங்க. உங்கிட்டயே பேசோணுமாம், இரு."

ஜெயந்தி டீச்சர் எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சர். எங்கள் சாவடியின் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கிற வேலையும் அவர் தலையில்தான். வீடு வீடாக ஏறி இறங்கி, இருக்கிறவர் யார், இல்லாதவர் யார் என்று எழுத வேண்டும்.

"சேச்சி, சுகமா இருக்கீங்களா? ஒரே ஒரு கேள்விதானுங்க. உங்களுக்குத் தாமசம் எங்க? குடியிருக்கறது இந்த வீட்லயா, வெளியிலயா? தாமசம் இல்லாதவங்க பேரு லிஸ்ட்ல இருக்கக் கூடாதுன்னு மேல கர்சனமா சொல்லிட்டாங்க. நீங்களே வாயால சொல்லிடுங்க. உங்க தம்பி சொல்றத வெச்சு இனி நான் எழுத மாட்டேன்."

"அவன் என்னங்க டீச்சர் சொன்னான்?"

டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அக்கா கோயமுத்தூர் ஆஸ்பத்திரில நைட் டூட்டி, விடிஞ்சா வந்துரும்னு. போன தடவயும் இதுதான், அதுக்கு முந்தியும் இதுதான். எனக்கு முன்னால இந்த வேல பாத்த ஸ்கூல் மாஷும் இதயேதான் எழுதி வெச்சிருக்கார். பதினாறு வருசமா நைட் டூட்டி பாக்கற நர்ஸு லோகத்துல நீங்க ஒருத்திதான் சேச்சி."

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு கதிரிடம் போனைக் கொடுக்கச் சொல்லிக் கத்தினேன்.

"பொய் சொல்றதுக்கு உனக்கு வெக்கமா இல்லியாடா?"

"நான் சொல்லாட்டி அன்னிக்கே வெட்டியிருப்பாங்க. லிஸ்ட் ஒட்டுனா அப்பா மொத ஆளாப் போயி உன்ற பேரத்தான் பாப்பாரு. அது இல்லீனா அவரு ஊட்டுக்கு வந்து சோறு திங்க மாட்டாரு. நான் என்ன பண்றது?"

அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. டீச்சர் குடிக்கத் தண்ணீர் கேட்பதும், கதிரின் மனைவி உள்ளே கூப்பிடுவதும் போனில் கேட்டது. அவன் போனை எடுத்துக்கொண்டு ஒரு ஓரமாக வந்து நிற்கிறான் என்று தெரிந்தது. இனிமேல் தள்ளிப்போட்டால் கேட்கவே மாட்டேன் என்று, கேட்டேன்.

"கொரியர் வந்துச்சா?"

"வந்துச்சு."

"மாமன்கிட்ட குடுத்துட்டியா?"

"இல்ல."

"ஏன்டா?"

"நான் கேட்டனா?"

அவன் அந்தக் குரலில் என்னிடம் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு ஆறு வயது இளையவன். தூக்கி வளர்த்தவள் நான்.

"சொல்லுக்கா. உன்ற பங்கக் குடுன்னு நான் எப்பவாச்சும் வாயத் தொறந்து கேட்டனா? என்ற கல்யாணத்துல இணைச்சீருக்கு நீ வல்ல. பெரியப்பன் மவள நிக்க வெச்சேன். அப்பா எழவுக்கு மூணாம் நாள் வந்த. சனம் கேட்டப்பல்லாம் வந்துட்டிருக்கா, வந்துருவான்னு நான்தான் சொன்னேன். இத்தன வருசமா நீ இருக்கற இருக்கறன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறேன். இப்ப நீயே, நான் இல்லைன்னு முத்திர குத்தித் தாட்டி உட்டா, நான் யாருகிட்ட போயி என்னன்னு சொல்றது?"

இணைச்சீர் எங்கள் கல்யாணங்களில் தாலிக்கு முன்னால் நடக்கிறது. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவனருகில் நின்று, சேலையின் ஒரு தலைப்பைத் தான் பிடித்து, மறு தலைப்பை அவனிடம் கொடுப்பாள். புதியவள் வருகிறாள், ஆனால் இவளுக்கு இந்த வீட்டில் உள்ள பாத்தியதை போகவில்லை என்று ஊரறியச் சொல்வது அது. பெண்ணுக்கு நிலம் கிடையாது என்று வழக்கம் வைத்தவர்களே இந்தச் சீரையும் வைத்திருக்கிறார்கள். அவன் கல்யாணத்தின்போது என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போய், பாஸ்போர்ட்டும் அதோடு ஆபீசில் கிடந்தது. முகூர்த்தத்தை நான் போனில் பார்த்தேன். யாரோ போனை வைத்த இடத்தில் எனக்குத் தெரிந்தது பந்தல்காலும் கதிரின் ஒரு தோளும்தான். அதை நினைத்து நான் அழாத வருடம் இல்லை. அவனும் நினைத்துக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியாது.

"அத்த மாதிரி ஆயிருவனோன்னு பயந்துட்டேன்டா" என்றேன். அழுதுவிட்டேன்.

"அத்த பங்கு வேணும்னு போச்சு. நீ வேண்டாம்னு போற. ரெண்டும் போறதுதானக்கா."

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு தோட்டத்துக் குரலுக்கு மாறிக்கொண்டு சொன்னான். "வில்லேஜ் ஆபீசுல தோட்டத்தப் போக்குவரவு பண்ணோணும். அப்பா பேர எடுத்துப்போட்டு நம்ம ரெண்டு பேரு பேரும் ஏத்தோணும். அக்கா வெளிநாட்டுல இருந்தா முக்தியாரே போதும்னுதான் ஆபீசரு சொன்னாரு. நான்தான், இல்லீங்க, அக்கா நேர்ல வந்து போடும்னு சொல்லிப்போட்டு வந்தேன். நீ வா. மாங்கா தீர்றதுக்குள்ள வா."

டீச்சர் திரும்பி வந்திருந்தார். "சேச்சி, அப்ப நான் என்ன எழுதட்டும்?"

"நான் அங்க தாமசம் இல்லீங்க டீச்சர். பேர வெட்டிருங்க."

"சங்கடப்படாதீங்க. வெளிநாட்டுல இருக்கறவங்களுக்குன்னு தனி பாரம் இருக்கு. அதப் போட்டீங்கன்னா பிரவாசி வோட்டர்னு சேத்துக்குவாங்க. ஓட்டுப் போட மட்டும் நேர்ல வரோணும்."

எல்லோரும் என்னை நேரில் வரத்தான் சொல்கிறார்கள். டீச்சர் எழுதுகிற சத்தம் போனில் கேட்காது, ஆனால் எனக்குக் கேட்டது போல இருந்தது.

5

யாழினி நனைந்துகொண்டு ஓடிவந்து கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அம்மா, இண்டியால யாரு செத்தாங்க?"

பாவம், அவளுக்குத் தெரிந்த வரையில் அங்கிருந்து ஞாயிறு அல்லாத நாளில் போன் வந்தால் அதுதான் அர்த்தம். தாத்தா, பாட்டி சாவுச் செய்திகள் அப்படித்தான் வந்தன. யாரும் சாகவில்லை, மாமா நம்மை வரச் சொல்கிறான், தோட்டத்தில் என் பெயரை எழுதப்போகிறான் என்றேன். அவள் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு யோசித்தாள்.

"அப்புறம், உனக்கு அப்புறம், அது எனக்கு வருமா? நான் அங்க சிட்டிசன் இல்லையே."

சிவகுமார்தான் பதில் சொன்னார். வெளிநாட்டுப் பிரஜைகள் அங்கே விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, வாரிசாக வந்தால் தடையில்லை என்று. ஓட்டு வருமா என்று கேட்டாள். வராது என்றார். "தட்ஸ் வியர்ட். ஓட்டு இல்லாத ஊர்ல எனக்கு மாமரம்" என்று சிரித்தாள். தமிழில் அவள் இவ்வளவு நீளமாக ஒரு வாக்கியம் சொல்லிப் பல நாள் ஆகிறது.

அவளை பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். ஓட்டு, ஆள் எங்கே குடியிருக்கிறாள், எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறாள் என்று பார்க்கிறது. நிலம், யார் வயிற்றில் பிறந்தாள் என்று பார்க்கிறது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு, ஓட்டை விட்டால் ஊர் போய்விடும் என்று இத்தனை வருடம் அந்தப் பட்டியலைப் பிடித்துத் தொங்கியிருக்கிறேன். நிஜத்தில் அதைப் பிடித்துக்கொண்டிருந்தவன் கதிர். பிரவாசி பாரத்தையா, இங்கத்திய குடியுரிமைப் பாரத்தையா, எதை நிரப்பப்போகிறேன் என்று இன்றைக்கு எனக்குத் தெரியாது. அவசரமும் இல்லை. பெயர் போனதில் வலி இருக்கிறது. இல்லையென்று சொன்னால் பொய்.

வேலைக்குப் போனதும் முதல் காரியமாக லீவுப் பாரத்தை எடுத்தேன். ஏப்ரல் கடைசியிலிருந்து மூன்று வாரம். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. இந்தப் பதினாறு வருடத்தில் அதில் பாஸ்போர்ட் வேலை, குடியிருப்பு அட்டை, மரணம் என்று எழுதியிருக்கிறேன். இன்று ஆங்கிலத்தில் இப்படி எழுதி மேலாளரிடம் கொடுத்தேன்: தம்பி வரச் சொல்லியிருக்கிறான்.